எம் புள்ளி

கௌனாஸில் பிப்ரவரி.
டிராலி பஸ் கண்ணாடியின் ஆவியில் யாரோ விரலால் எழுதிய தேதி
என் நிறுத்தம் வருமுன் வழிந்து போயிற்று.

சிறைத்துறையின் பழைய அட்டைகள், பதினோராயிரம்.
வைடோடாஸ் என்ற எழுத்தர் தட்டச்சு செய்தவை.
ஒவ்வொன்றிலும் ஒரு காலம்:
'3 எம். 2 மேன். 10 டி.'
இதைப் படிக்க நிரலுக்குச் சொல்லித்தருவது என் வேலை.
எண்ணை எடு.
பக்கத்து எழுத்தைப் பார்.
ஆண்டா மாதமா நாளா, பிரித்து வை.
எண் இல்லாமல் எழுத்து வந்தால்
ஊகிக்காதே, நின்றுவிடு.

அரை நாள் வேலை என்று ஸ்கைஸ்தேயிடம் சொல்லியிருந்தேன்.

எங்கள் மொழியில் ஆண்டு மேதாய், மாதம் மேனுவோ
(பழைய பேச்சில் வானத்துத் திங்களுக்கும் அதே சொல்).
இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும்.
வைடோடாஸ் ஆண்டுக்கு 'எம்' அடித்து ஒரு புள்ளி வைத்தார்.
என் நிரல் வெளியூர்ப் பழக்கத்தில்
எம் கண்ட இடமெல்லாம் மாதம் என்றது.

செவ்வாய் மாலைச் சோதனை ஓட்டத்தில்
ஆயிரத்து நானூறு பேர் விடுதலையானார்கள்.
திரையில்தான்.
பச்சை நிறத்தில், பெயர் பெயராக,
கிரிகாலிஸுக்கு நான்கு ஆண்டு நான்கு மாதமாகி
அவன் எப்போதோ வீடு போய்ச் சேர்ந்திருந்தான்,
அவன் மகள் அப்போது இன்னும் பேசப் பழகவில்லை,
இது நானாகச் சேர்த்தது, அட்டையில் மகள் இல்லை.

பிழை எங்கே என்று தெரிந்துவிட்டது.
ஒரே வரி.
இருந்தும், தேநீர் ஆறும் வரை
அவர்களை வெளியே விட்டு வைத்தேன்.
பிறகு திருத்தினேன்.
பச்சையெல்லாம் கீழிருந்து மேலாகச் சாம்பலானது.

வைடோடாஸைத் தொலைபேசியில் பிடித்தேன்.
ஏன் வெறும் எம்?
'ரிப்பன் தீர்ந்துவிடும், அம்மா.
ஆண்டுகள்தான் நிறைய வந்தன.'

அதற்குப் பின் ஜனவரி முப்பத்தொன்று வந்தது.
அன்று உள்ளே போனவனுக்கு ஒரு மாதம்.
பிப்ரவரியில் முப்பத்தொன்று ஏது?
நிரல் இருபத்தெட்டில் நின்று திரும்பிப் பார்த்தது.
மாதத்தை நாளாக உடைக்காதே என்றாள் ஸ்கைஸ்தே,
தீர்ப்பில் மாதம் என்றால் மாதம்.
அதே திருட்டு, அதே நீதிபதி,
பிப்ரவரி முதல் தேதி போனவனுக்கு
மார்ச்சில் போனவனைவிட மூன்று இரவு குறைவு.
நான் வாதாடவில்லை. மூன்று இரவு என்றால் என்ன என்று
எனக்கு எப்படித் தெரியும்?

இன்று காலை ஓட்டம் பாதியில் நின்றிருந்தது.
எட்டாயிரத்துச் சொச்சமாவது அட்டை.
பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது,
காலம் என்ற கட்டத்தில்
'எம்.'
அவ்வளவுதான்.
முன்னால் அடித்து அழித்த தடம்கூட இல்லை.
வைடோடாஸுக்கு நினைவில்லை.
ஸ்கைஸ்தே கோப்பறைக்குப் போயிருக்கிறாள்.
நான் சொல்லித்தந்தபடியே நிரல் ஊகிக்காமல்
திரையில் காத்திருக்கிறது:
படிக்க இயலாத உரை. இடம், பூஜ்யம்.