திருத்தக் கோடு

ரோஸ்டவுனுக்கு வடக்கே
சாலைக்கு வளையத் தெரியாது.
நான்கு திசை. ஐந்தாவதைக் கேட்டால்
வெறும் வயலைக் காட்டும்.

தானியக் கிடங்குகளின் எடைமேடைகளைச்
சோதிப்பது என் வேலை.
வண்டிக்குப் பின்னால் இருபத்தைந்து கிலோ இரும்புகள், நாற்பது.
பொய் சொல்லாதவை என்று
முத்திரை குத்தித் தந்திருக்கிறார்கள்.

இருபத்து நான்கு மைலுக்கு ஒருமுறை
சாலை சட்டென்று முடியும். எதிரே வேலி.
இடப்பக்கம் முந்நூறு அடி போய்
மறுபடி வடக்கைப் பிடிக்க வேண்டும்,
ஒன்றும் நடக்காததுபோல.

பிப்ரவரியில் ஓர் இரவு, பனிப்புழுதி.
சாலை முடிந்துவிட்டது. நான் முடியவில்லை.
இரும்புகள் நாற்பதும் என்னோடு
மசூர் அறுத்த தாளடியில் இறங்கின.

டிராக்டரோடு வந்தவர் ஒரெஸ்ட் ஹவ்ரிலுக்.
வருஷத்துக்கு நாலு பேர் என்றார், சங்கிலியை மாட்டிக்கொண்டே.
இந்த வருஷம் நீதான் முதல்.
யார் போட்ட தப்புக் கணக்கு இது என்றேன்.
கணக்கு சரிதான், பூமிதான் உருண்டை என்றார்.

வடக்கே போகப் போக
தீர்க்கரேகைகள் நெருங்கி வருமாம்.
சதுரம் சதுரமாய் வெட்டி வந்தவர்கள்
ஒவ்வொன்றிலும் கொஞ்சம் குறைவதை
கண்டும் காணாமல் வந்து
இருபத்து நான்காம் மைலில் ஒப்புக்கொண்டார்கள்.
அந்த ஒப்புதலுக்குள்தான் நான் விழுந்து கிடந்தேன்.

சங்கிலி பிடித்து அளந்தவர்களுக்கு முன்னே
இங்கே நடந்தவர்களின் தடம்
ஓடை திரும்பிய இடத்தில் திரும்பியதாம்.
அதை உழுதாயிற்று.

வண்டி சூடேறும்வரை
என் மொழியைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.
நேர் என்பதிலிருந்து நேர்மையைச் செய்தோம்.
நிமிர்ந்தால் செங்கோல், வளைந்தால் கொடுங்கோல்.
நியாயம் முழுக்க நூல் பிடித்து நிற்கிறது.
கோடு என்ற சொல்லை மட்டும்
யாரோ திருத்தாமல் விட்டிருக்கிறார்கள்:
கோடு என்றால் கோடு,
கோடு என்றால் வளைவும்.
எந்த இடத்தில் திரும்புகிறதென்று பார்க்காமலே
இத்தனை வருஷம் அதில் ஓட்டியிருக்கிறேன்.

மறுநாள் பிக்கரில்
ஆயிரம் கிலோ இரும்புக்கு
தொள்ளாயிரத்து அறுபது காட்டியது மேடை.
குனிந்து பார்த்தேன்,
அடியில் பனி இறுகிக் கிடந்தது.
மேடை மேல் பிழையில்லை.

இரும்பையெல்லாம் இறக்கிவிட்டு
இதுவரை செய்யாததாக
நானே ஏறி நின்றேன்.
எழுபது இருக்க வேண்டியவன், முப்பது.
காற்று வடக்கிலிருந்து.
கொஞ்சநேரம் இறங்கவில்லை.