ஒன்றா, இரண்டா

லிதெத்தா நீதிமன்றத்துக்கு எதிர்ச்சந்தில்
எங்கள் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது.
மஞ்சள் பிளாஸ்டிக் நாற்காலி பதினாறு.
ஒன்றுக்குக் கால் சரியில்லை,
தெரிந்தவர்கள் அதில் உட்கார மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை, விரத நாள்.
கறி இல்லை, முட்டை இல்லை, வெண்ணெய் வாசனைகூட இல்லை.
தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது
அவர்கள் வந்தார்கள்.
அவன் அந்த நாற்காலியைத்தான் இழுத்தான்.
அவள் ஒன்றும் சொல்லாமல் அதை ஒதுக்கிவிட்டு
வேறொன்றைக் காலால் நகர்த்திக் கொடுத்தாள்.

ஆளுக்கொரு பழுப்பு உறை.
அந்த உறை எனக்கு அத்துபடி.
நிலத் தகராறுக்காரர்கள் அதை மேசைமேல் அறைவார்கள்.
ஜாமீன் கிடைத்தவர்கள் மடித்துச் சட்டைக்குள் செருகுவார்கள்.
கல்யாணத்தை முடித்துக்கொண்டு வருகிறவர்கள்தான்
எங்கே வைப்பதென்று தெரியாமல்
மடியில் வைத்து
அதன்மேல் கையை வைத்துக்கொள்வார்கள்,
அது எழுந்து ஓடிவிடும் என்பதுபோல.

என்ன வேண்டும் என்றேன்.
"பெயாய்நெத்து."
இருவரும் ஒரே மூச்சில் சொன்னார்கள்.
அதற்கப்புறம்தான் எனக்குத் திக்கென்றது:
ஒன்றா, இரண்டா?

ஒன்பது வருடமாகப் பரிமாறுகிறேன்.
சேர்ந்து வந்தவர்களிடம்
இதைக் கேட்டதே இல்லை.
கேட்க எனக்கு வாய் வரவில்லை,
சொல்ல அவர்களுக்கும் வரவில்லை.
ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் வைத்தேன்.
தப்பென்றால் என் தப்பு.

கெண்டியைச் சாய்த்தேன்.
அவள் கை. அப்புறம் அவன் கை.
பகையாளி வீட்டில் கை நனைக்க மாட்டார்கள்;
இது யார் வீடும் இல்லையே.

இன்ஜெரா அகன்று கிடந்தது,
உடம்பெல்லாம் கண் திறந்தபடி.
(கண் விழாத இன்ஜெராவை
முதலாளியம்மா அல்கனெஷ் எங்களுக்குத் தள்ளிவிடுவாள்.)
சிவப்புப் பருப்பு அவன் பக்கம், கீரை அவள் பக்கம்.
சட்டியில் கொதித்த ஷிரோவை நடுவில் கவிழ்த்தேன்.
அது இரண்டு பக்கமும் ஓடியது.

அவன் தன் ஓரத்தைக் கிழித்தான்,
அவள் தன் ஓரத்தை.
"ஃபிரிட்ஜை எப்போது எடுக்கிறாய்?"
"ஞாயிறு."
"உன் அண்ணனைக் கூட்டி வராதே."
அவ்வளவுதான் பேச்சு.
பக்கத்து மேசையில் மினிபஸ் பையன்கள்
பந்தாட்டத்தைப் பற்றி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது அவன் கை,
அவனைக் கேட்காமலே,
கீரையில் கொஞ்சம் பருப்பில் கொஞ்சம் சேர்த்து
பச்சை மிளகாயை மட்டும் பொறுக்கிப் போட்டுவிட்டு
ஒரு கவளம் சுருட்டி
மேசைக்கு மேலே போய்விட்டது.

பாதி வழியில்தான் அவனுக்கே தெரிந்தது.
கை அங்கேயே நின்றது.
ஒரு துளி சிவப்பு
அவள் மடியிலிருந்த உறையில் விழுந்தது,
முத்திரைக்கு ஒரு விரல் தள்ளி.

அவள் வாயைத் திறந்தாள்.
ஆசையா, ஒழுகுகிறதே என்றா,
மரியாதையா,
எனக்குத் தெரியாது. வாங்கிக்கொண்டாள்.

குர்ஷா ஒன்றோடு நின்றால் பகை என்பார்கள் எங்கள் ஊரில்.
நான் தண்ணீர்ச் செம்போடு நின்றேன்.
அவன் இரண்டாவதைச் சுருட்டவில்லை.
அவள் மென்றாள்,
நீண்ட நேரம் மென்றாள்.
பிறகு நடுவில், குழம்பில் ஊறிக் கிடந்த அடித்துண்டைப்
பிய்த்து எடுத்து,
"கஷாவ், இந்தா" என்று
அவன் வாயில் திணித்தாள்.
அன்பாக அல்ல, கதவைச் சாத்துகிற வேகத்தில்.

அது இரண்டாவதா,
இல்லை இன்னொரு ஒன்றா?
இன்றைக்கும் எனக்கு அந்தக் கணக்கு ஒட்டவில்லை.

எழுந்தபோது அவனும் முழுப் பணம் வைத்தான்.
அவளும் முழுப் பணம் வைத்தாள்.
ஒரு தட்டுக்கு இரண்டு விலை.
மீதியை எடுத்துக்கொண்டு மழையில் ஓடினேன்.
இடப்பக்கம் மெர்க்காத்தோ, மெர்க்காத்தோ என்று ஒரு வண்டி,
வலப்பக்கம் புறப்பட்டுவிட்ட இன்னொரு வண்டி.
யார் எதில் ஏறினார்கள் என்று பார்க்கவில்லை.
நடுச்சந்தில் நின்றேன்,
கையில் நோட்டுகள் நனைய.

உள்ளே அல்கனெஷ் கத்திக்கொண்டிருந்தாள்:
"இந்தக் கால் போன நாற்காலியை
வழியில் போட்டது யார்?"