மூன்றாம் எண்

விளக்குத்தூண் பக்கம் ஒரு சந்தில்
சட்டை முதுகில் பெயர் அச்சடிப்பவன் நான்.
ஜூன் மாதம் பாக்கியநாதன் அனுப்பும் பட்டியல்
நாளிதழுக்கு முன்னால் என் மேஜைக்கு வந்துவிடும்.
யார் வந்தான், யார் போனான்,
யாருக்கு உடம்பு பெருத்து எக்ஸ்எல் ஆனது,
எல்லாம் தெரியும்.
ஆகவே பேசுகிறேன்.

நாலு வருடம், மூன்று கோப்பை.
வடகரை அணியைப் பற்றி வாய் திறந்தால்
டீக்கடையில் கிளாஸை நங்கென்று வைக்கிறார்கள்.
'ஜெயிச்சவனை என்னண்ணே கேக்குறது?'
ஜெயிச்சவனைத்தான் கேட்க வேண்டும்.
தோற்றவனை ஊரே கேட்டுவிடுகிறது.

போன வருடப் பட்டியல் இன்னும் ஆணியில் தொங்குகிறது.
ஸ்ட்ரைக்கர் நாலு பேர்.
தூத்தூரிலிருந்து ஒருவன், திண்டுக்கல்லிலிருந்து இரண்டு,
நாலாமவன் ஊர் எதுவென்று அவனே சரியாகச் சொல்லவில்லை.
கோல்கீப்பர் மூன்று.
இடது பேக் என்று யாரும் இல்லை.
எழுத விட்டுப்போனதோ என்று போன் போட்டேன்.
'அடிங்க' என்றார்,
வைத்துவிட்டார்.

அதுவரை மூன்றாம் எண் வீரணனுடையது.
செக்கானூரணியிலிருந்து முதல் பஸ்ஸில் வருவான்,
ஷூவைக் கையில் பிடித்தபடி, வெறுங்காலோடு.
அவன் பெயரைச் சொல்லி யாரும் கத்தியதில்லை.
அந்தப் பக்கம் பந்து போனால்
நாங்கள் கடலை உரிக்கத் தொடங்குவோம்.
அதுதான் அவனுக்குக் கிடைத்த கைதட்டல்.

போன வருடம் கடலை உரிக்க முடியவில்லை.
கடையடைப்பு நாளில் மாசி வீதி மாதிரி
இடது ஓரம் அகலமாய், ஆளில்லாமல்.
நடுவில் ஆடிப் பழகிய சிக்கந்தரை அங்கே நிறுத்தினார்.
கால் ஓரத்தில் நிற்கும்,
கண் நடுவுக்குப் போய்விடும் அவனுக்கு.

தூத்தூர்ப் பையன் பதினொரு கோல் போட்டான்.
இல்லையென்று சொல்லவில்லை.
அவன் பெயர் போட்ட சட்டை
நாற்பது விற்றேன், எனக்கும் லாபம்தான்.

இறுதி ஆட்டம், அரசரடி மைதானம்.
சமயநல்லூர்க்காரன் ஒருவன் அந்த ஓரமாகவே ஏறி ஏறி
மூன்று தடவை அடித்தான்.
ஒன்று கம்பத்தில்.
ஒன்று ராயப்பன் முகத்தில்.
ஒன்று கோட்டைத் தாண்டியதா என்று இன்னும் தகராறு.
எண்பத்தெட்டாம் நிமிடம்
அவர்கள் ஆளே அவர்கள் வலைக்குள் தலையால் முட்டினான்.
ஒன்றுக்குப் பூஜ்யம்.
பாக்கியநாதனைத் தோளில் தூக்கினார்கள்.
நான் போய் அந்தக் கம்பத்தைத் தொட்டுப் பார்த்தேன்.
வெயிலில் சுட்டது.

அச்சில் ஒரு புள்ளி மாறினாலும்
சட்டைக் காசு என் கணக்கில் கழியும்.
கோப்பைக்குள் எத்தனை பிழையும் கொள்ளும் போல.

தீபாவளிக்கு முந்தின வாரம்
பாக்கி கொடுக்க அவரே வந்தார்.
நோட்டை எண்ணிக்கொண்டே கேட்டுவிட்டேன்.
மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னார்:
'அவன் முட்டி போச்சு. ஸ்கேன் பாத்தேன்.
இன்னும் ஒரு சீசன் ஆடினா மாடிப்படி ஏற மாட்டான்.
வெளிய சொல்லாதீங்கன்னான்,
வீட்ல பொண்ணு பாத்துக்கிட்டு இருந்தாங்க.'

எண்ணிய கணக்கு விட்டுப்போனது.
மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.
ஜூனிலிருந்து டீக்கடையில் நான் பேசியதெல்லாம்
ஒரு முட்டி தெரியாமல் பேசியது.
திட்டு வாங்கிக்கொண்டே
அவர் அதைப் பொத்தி வைத்திருக்கிறார்.

படி இறங்கிப் போன பிறகுதான் உறைத்தது:
சரி, வீரணனை விட்டது சரி.
அந்த இடத்துக்கு ஒருவனை ஏன் எடுக்கவில்லை?
மூன்றாவது கோல்கீப்பர் எதற்கு?
வாசலுக்கு ஓடினேன்.
பைக் கிளம்பிவிட்டது.

இந்த வருடப் பட்டியல் நேற்று வந்தது.
மூன்றாம் எண்ணுக்கு நேரே பெயர் இல்லை.
மீடியம் சைஸ் என்று மட்டும்,
பக்கத்தில் பென்சிலில் 'அப்புறம் சொல்றேன்.'
எண்ணை அடித்துக் காயப் போட்டிருக்கிறேன்,
மேலே நாலு விரல் இடம் விட்டு.

ஸ்ட்ரைக்கர்
இந்தத் தடவை ஐந்து.