பதினாறு நிமிடம் நாற்பது நொடி

வண்ணார்பேட்டை, மூன்றாம் மாடி.
ஏசி எனக்கல்ல, பெட்டிகளுக்கு.
நாலாயிரத்துச் சொச்சம் வீடுகளுக்கு
இங்கிருந்துதான் படம் போகிறது.
புகார் வந்தால் பெரும்பாலும் மழை,
இல்லையென்றால் எலி.

சமாதானபுரத்துப் புகாரில் இரண்டுமில்லை.
வாட்ஸப்பில் வந்தது:
"செய்தியில் கை நிற்கிறது.
கண் இமைக்கும் நேரம். பிறகு ஓடுகிறது.
ஜெபக்கனி, தையல் கடை."

சங்கரபாண்டியன் அண்ணாச்சி சிரித்தார்.
"நாலாயிரம் வீட்ல ஒருத்தனும் வாயத் தொறக்கல,
இந்தம்மாவுக்கு மட்டும் நிக்குதாக்கும்?
பெட்டிய அணைச்சுப் போடச் சொல்லும் வே."

சொன்னேன். அணைத்துப் போட்டாராம்.
மறுநாள் ஒரு தாளைப் படமெடுத்து அனுப்பினார்.
அளவு நோட்டு.
தோள், இடுப்பு, கைநீளம் எழுதும் கட்டங்களில்
நேரம் எழுதியிருந்தது:
10.02.10
10.18.50
10.35.30
10.52.10

கழித்துப் பார்த்தேன்.
ஒவ்வொன்றுக்கும் நடுவே சரியாக ஆயிரம் நொடி.
மழைக்கும் எலிக்கும்
இந்த ஒழுங்கு கிடையாது.

போனேன்.
அழைப்புமணியை அழுத்தினால்
உள்ளே சத்தமில்லை, ஒரு பல்பு எரிந்தது.
அப்போதுதான் எனக்கு உறைத்தது.

டிவியின் ஓரத்துச் சிறு கட்டத்தில்
ஒரு பெண் கைகளால் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள்.
ஜெபக்கனியும் வேதமாணிக்கமும் நானும்
கடிகாரத்தையும் அந்தக் கைகளையும்
மாறி மாறிப் பார்த்தபடி இருந்தோம்.
சட்டென்று இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.
நடந்துவிட்டது.
நான் பார்க்கவில்லை.
பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

படத்தோடு ஒரு மணியும் சேர்ந்து வருகிறது,
நொடிக்கு இரண்டு கோடியே எழுபது லட்சம் துடிப்பு.
"இப்போது மணி இது" என்று அது
நொடியில் பத்துத் தடவையாவது சொல்லும்.
வீட்டுப் பெட்டிக்குள் இருக்கும் படிகம் அதைக் கேட்டுத்
தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும்.
போன மாதம் சேனல்களைப் புதிதாகக் கட்டியபோது
அந்த மணியை மறுபடி முத்திரையிட நான் மறந்திருந்தேன்.
ஜங்ஷன் பஸ் போல
ஒன்று முந்தி வந்தது, ஒன்று பிந்தி வந்தது.
பெட்டி கொஞ்ச நாள் நம்பிப் பார்த்தது,
பிறகு தன் படிகமே கதியென்று ஓடத் தொடங்கிவிட்டது.
நாலாயிரம் பெட்டி, நாலாயிரம் மணி.

ஜெபக்கனி வீட்டுப் படிகம்
நொடிக்கு ஆயிரத்து எண்பது துடிப்பு முந்துகிறது.
எச்டி என்று ஸ்டிக்கர் ஒட்டி
நாங்கள் விற்பதும் இதே எண்தான்.

பாளையங்கால்வாயில் வருவதைவிட
மடையை ஒரு நூல் கூடத் திறந்தால் என்ன ஆகும்?
குளம் இன்றைக்கே வற்றாது.
ஆயிரம் நொடியில்
ஒரே ஒரு படத்தின் அளவு குறைந்திருக்கும்.
கொடுக்கப் புதுப்படம் இல்லாத பெட்டி
பழையதையே இன்னொரு தரம் காட்டும்.
நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு.
சத்தத்திலும் அந்த இடறல் உண்டு.
பெட்டி அதைப் பூசி மெழுகிவிடும்,
மீதியைக் காது.

அந்த ராத்திரியே முத்திரையைச் சரிசெய்தேன்.
ஆயிரம் நொடி காத்திருந்தேன்,
இன்னும் ஓர் ஆயிரம்.
ஊசிக்கோபுரத்து மணி மூன்றடித்தது.
என் செல்போனில் இரண்டு ஐம்பத்தெட்டு.
எது சரியென்று கேட்க அந்நேரம் யாருமில்லை.

காலையில் ஒரு வீடியோ வந்திருந்தது.
அவர் கைகள். மூன்று நொடி.
தொண்ணூறு படமாகப் பிரித்து
ஒவ்வொன்றாய் நகர்த்திப் பார்த்தேன்.
ஒவ்வொன்றிலும் கை அசையாமல் நின்றது.
ஒன்றிலும் சொல் இல்லை.
ஓடவிட்டேன்.
ஏதோ சொல்கிறார்.

"என்ன சொல்லுது அந்தம்மா?"
என்றார் அண்ணாச்சி, வடையைப் பிட்டபடி.

"தெரியல அண்ணாச்சி.
ஆனா நிக்கல."