மருந்து

கொட்டாஞ்சேனையில் ஏறும்போதே சொல்லிவிட்டார்
ஏசி வேண்டாம், கண்ணாடியை இறக்கு என்று.
தம்புள்ளை தாண்ட இரண்டு பக்கமும் வயல்.
எனக்கு அது பச்சை.
அப்பாவுக்குக் கணக்கு:
"இந்தத் துண்டுக்கு இரண்டு லீற்றர்.
அங்கால கிணத்தடிக்காரன் நாலு போத்தல் கடன்,
அவன் போனபிறகு பெண்சாதி கட்டித் தீர்த்தாள்."

இருபத்தாறு வருசம் கொம்பனி வானில்
இதே றோட்டில் மருந்து விற்றவர்.
தத்திக்கு, புல்லுக்கு, எலிக்கு.
இப்போது டாஷ்போர்டில் உருளும்
அவருடைய பிறசர் குளிசைக்கும்
அதே சொல்தான்.

மதவாச்சியில் பழைய கடை பூட்டு.
பக்கத்தில் சுத்திகரித்த தண்ணீர்த் தாங்கி,
கான்களோடு சனம்.
வரிசையை விட்டு ஒருவர் ஓடிவந்தார்.
"பெஹெத் மாத்தயா!"
பிடித்த கையில், முழங்கைக்குக் கீழே,
தோலுக்குள் புழுப்போலத் துடித்தது
ஊசி ஏற்றி ஏற்றிப் புடைத்த நரம்பு.
அப்பா அதையே பார்த்தார்.
மனிசன் என் பிள்ளைகளை விசாரித்தார்,
ஒரு பூசணிக்காய் தூக்கி ஏற்றினார்,
காசு வாங்கவில்லை.

திரும்பும் வழியில் கணக்கில்லை.
களனிப் பாலத்தில் நின்று நின்று நகர
பின்சீற்றில் பூசணி
ஒவ்வொரு பிரேக்குக்கும் கதவில் முட்டியது.
"அதுக்கும் பெல்ற் போட்டிருக்கலாம்" என்றேன்.
சிரிக்கவில்லை.

வீட்டு வாசலில் இரண்டு கையாலும் இறக்கினார்.
"கழுவாமல் வெட்டாதே."
நாலு படி ஏறி நின்று,
"கழுவினாலும்..."
என்று தொடங்கி
சாவியைத் தேடினார்.