ஐந்து சென்ட் குறைவு

குவாங்சோ எங்களுக்கு ஒரு ஊராக இருந்ததே இல்லை.
பதினொரு வருடமாக அது ஒரு வாக்கியம்.
பையர் மெயிலின் கடைசி வரியில் வரும்:
"அங்கே ஐந்து சென்ட் குறைவு."
அந்த வரி வந்த வாரம்
பீஸ் ரேட்டில் இருபது பைசா போகும்,
டீயோடு தரும் பஜ்ஜி போகும்,
முதலாளி ராக்கியப்பன் காங்கேயத்து ஜோசியரிடம் போவார்.

சித்திரைக் கடைசியில்
அந்த வாக்கியமே ஒரு ஆளாக வந்து இறங்கியது,
அங்கேரிபாளையம் ரோட்டில், டூல் பெட்டியோடு,
இருபது தலை எம்ப்ராய்டரி மெஷினைப் பூட்டிக்கொடுக்க.
பெயர் குவோ. வயது நாற்பத்தொன்று.
சட்டைக் காலர் நைந்திருந்தது.
முதலில் அதைத்தான் பார்த்தேன்.
தையல் பார்த்தே பழகிய கண்.

கணக்கு எழுதுகிறவள் நான்.
மொழி மாற்றும் ஆப்பை ஏற்றி
செல்லை நடுவில் வைத்தேன்.
உங்க ஊரு எப்படீங்க?
மேகம் தொடும் மாடி, மண்ணுக்குள் ஓடும் ரயில்,
ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.
அவர் கேட்டது:
"இங்கே முட்டை என்ன விலை?"

ஆறரை ரூபாய். நாமக்கல் முட்டை.
ஆப் அதை என்ன செய்ததோ,
"உங்கள் ஊரில் கல் முட்டையிடுமா?" என்றார்
மிகுந்த மரியாதையோடு.

அப்புறம் பதினொரு நாளும் விலைதான் பேசினோம்.
அரிசி. பல் பிடுங்க. பஸ். பிரசவம்.
வாடகைக்குச் சம்பளத்தில் மூன்றில் ஒன்று என்றார்.
எனக்குக் கால்வாசி, தண்ணி லாரி தனி என்றேன்.
அவர் ஜன்னலில் கையை நீட்டினால்
எதிர்வீட்டு ஜன்னல் தட்டுமாம்.
துவைத்த துணி காய நான்கு நாள்.
என் லைன் வீட்டில் வெயிலுக்குக் குறைச்சல் இல்லை,
எட்டுக் குடிக்கு ரெண்டு கக்கூஸ்தான்.
அதை ஆப்பிடம் சொல்லவில்லை.

ரூபாய் நோட்டைத் தொட்டே வருடக்கணக்காச்சு என்று
என் பத்து ரூபாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
கீரை விற்கும் நாச்சாத்தா
முந்தானையிலிருந்து ஸ்கேன் அட்டையை எடுத்ததும்
முதல் தடவையாகச் சிரித்தார்.

மகள் படிப்பது ஒன்பது மணி நேர ரயில் தூரத்தில்,
மாமியார் ஊரில்.
நகரத்துப் பள்ளிக்கு ஏதோ ஒரு தாள் வேண்டுமாம்,
அது அவரிடம் இல்லை.
பிசிறு வெட்டிக்கொண்டிருந்த சுலோச்சனா நாயக்
கத்தரியை வைத்துவிட்டு இந்தியில் என்னைக் கேட்டாள்:
அவருக்கும் பிள்ளை ஊர்லயா?
அவளுடையது கந்தமாலில். ரெண்டு பெண்.

ஒன்பதாம் நாள், நூல் அறுந்து நின்ற நேரம்,
அவர் தன் பழைய முதலாளியைப் பற்றிச் சொன்னார்.
கூலி கேட்டால் ஒரு ஊர் பெயர் சொல்வாராம்.
அங்கே ஐந்து சென்ட் குறைவு என்பாராம்.
எந்த ஊருங்க?
வாயில் ஒட்டாமல் எழுத்தெழுத்தாக வந்தது:
தி. ரூ. பூ.

"எட்டு வருடம் உங்கள் ஊரை வைதிருக்கிறேன்."

நானுந்தானுங்க என்றேன்.
ஆப் சுற்றிக்கொண்டே இருந்தது.

மெஷின் இப்போது நன்றாக ஓடுகிறது.
மூன்று மேசையை எடுத்துவிட்டார்கள்.
சுலோச்சனாவை அவிநாசி யூனிட்டுக்கு மாற்றினார்கள்,
மற்ற ரெண்டு பேரைப் பற்றி எனக்குத் தெரியாது.
திரையில் எழுத்தெல்லாம் இன்னும் சீனம்தான்,
பச்சைக் கட்டம் ஓட, சிவப்பு நிற்க.
லெட்ஜரில் "பூட்டுக் கூலி, பதினொரு நாள்" என்று எழுதி
பக்கத்து ஓரத்தில் பென்சிலால்
குவாங்சோ முட்டை விலையைக் குறித்திருக்கிறேன்.
ஆடிட்டர் கேட்டால் அழித்துக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை மெயில் வந்தது.
கடைசி வரியில் ஊர் மாறியிருக்கிறது. டாக்கா.
நான்கு சென்ட்.
பதில் அடிக்கச் சொன்னார் ராக்கியப்பன்.
அங்கே முட்டை என்ன விலை என்று
ஒரு வார்த்தை கேட்டுப் போடட்டுங்களா என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
நானும் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.