ஐந்தாம் நம்பர்

நீரோடியில் பஸ் திரும்பும் இடத்துக்கு அப்பால் கேரளம்.
அந்தப் பக்கத்து டீமுக்கு ஒரே ஒரு சீசன் ஆடினான் கிளீற்றஸ்,
தங்கை கல்யாணத்துக்குப் பணம் முட்டிய வருஷம்.
ஃபைனலில் எங்களோடு மோதல்.
எங்கள் ஃபார்வேர்டை நெஞ்சோடு நெஞ்சு நிறுத்தி
பந்தைக் கடலுக்கு அடித்தான்.
ராத்திரி எங்களோடுதான் மீன்கறி தின்றான்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.

மற்ற பதினெட்டு வருஷமும் இங்கே.
கிளப் நோட்டு என் கையில்தான்.
ஆட்டம் முன்னூற்றுப் பதினொன்று.
கோல் இரண்டு, அதில் ஒன்று சொந்தப் போஸ்டில்.
தையல் பதினேழு.
மஞ்சள் அட்டையை எண்ணுவதை ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன்.
‘சுறாவுக்குப் போயிருக்கிறான்’ என்று மட்டும் எழுதி
நாற்பது நாள் வெறுமையாய்க் கிடக்கிற பக்கங்களும் உண்டு.

தேங்காய்ப்பட்டணத்தில் போட்டு அடைந்த அன்றைக்கே
குளிக்காமல் வந்து நிற்பான், டீசல் வாடையோடு.
“தரை இன்னும் ஆடுது, அஞ்சு நிமிசம் தா.”
பிறகு அது எதிராளிக்கு ஆடும்.

கடல்பக்கத்துக் கோல்போஸ்டை
மூன்று தடவை பிடுங்கிப் பின்னால் நட்டோம்.
முதல் வருஷம் அவன் காவல் நின்ற பெனால்டி பாக்ஸில்
இப்போது அலை வந்து போகிறது,
விசில் ஊத ஆளில்லாமல்.

நேற்று பூட்ஸைக் கழற்றி என் மேஜைமேல் வைத்தான்.
மண்கூடத் தட்டவில்லை.
நோட்டைப் புரட்டினான்.
அந்த ஒரு சீசன் இல்லாத இடத்தில் விரல் நின்றது.
“அதையும் சேர்த்து எழுதுடே.
தடுத்தது தடுத்ததுதானே.”

எழுதினேன்.
பென்சிலால்.